தகுதிக்கு இரண்டு படிக்கல்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பருத்தி விவசாயிகளுக்கு ஒரு சங்கதி நன்றாய்த் தெரியும். வாங்குகிறபோது ஒரு படிக்கல்லும், விற்கிறபோது வேறொரு படிக்கல்லும் வைத்திருக்கிற வியாபாரியிடம் எவ்வளவு நயமான பருத்தியைக் கொண்டுபோனாலும் விவசாயிக்கு நஷ்டந்தான் மிஞ்சும். குற்றம் பருத்தியில் இல்லை, கல்லில் இருக்கிறது. நம் நாட்டு வைத்தியப் படிப்பில் "தகுதி, திறமை" என்று சொல்லப்படுவதும் இப்படிப்பட்ட கள்ளப் படிக்கல்தான் என்பதை நம் மக்கள் உணரவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

அரியலூர் ஜில்லா குழுமூர் அனிதாவை யாரும் மறந்திருக்க முடியாது. திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிப் பிழைத்தவரின் மகள். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர். 2017-ம் வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் 1200க்கு 1176 மார்க்கு வாங்கினார். வைத்தியப் படிப்புக்குக் கணக்கிட்ட கட்-ஆப் 200க்கு 196.75. ஆனால் நீட் என்னும் பிரவேசப் பரீட்சையில் 720க்கு 86தான் கிடைத்தது. சுப்ரீம் கோர்ட்டு வரை போய் நியாயம் கேட்டார். அவ்வருஷம் ஆகஸ்ட் 22-ந் தேதி, நீட் மார்க்கின்படியே இடம் கொடுக்கவேண்டுமென்று கோர்ட்டு சொல்லிவிட்டது. செப்டம்பர் 1-ந் தேதி அப்பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பன்னிரண்டு வருஷம் படித்த படிப்பு செல்லாது. ஒரு நாள் எழுதுகிற பரீட்சைதான் செல்லும் என்றால், அந்த ஒரு நாளுக்குத் தயார் செய்ய வசதியுள்ளவன் யார் என்பதுதானே கேள்வி? நீதிபதி ஏ.கே. ராஜன் கமிட்டி 2021-ல் கொடுத்த அறிக்கையைப் பார்த்தால் விடை தெரியும். நீட்டுக்கு முன் 2016-17-ல் நம் மாகாணத்து வைத்தியக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில், முந்தின வருஷமே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு மறுபடியும் முயன்று வந்தவர்கள் நூற்றுக்கு 12.47 பேர்தான். 2020-21-ல் அது 71.42 ஆகிவிட்டது. அதாவது, இரண்டு வருஷம் மூன்று வருஷம் வீட்டிலிருந்து, பணங்கட்டிப் பயிற்சி பெறக்கூடியவனுக்கே இடம். கூலிக்காரன் மகளை எத்தனை வருஷம் சும்மா வைத்துச் சோறு போட முடியும்? ஆகவே இப்பரீட்சை அறிவை அளக்கிறதா, அப்பன் மடிச்சீலையை அளக்கிறதா என்று கேட்கிறோம்.

நிற்க, மற்றொரு படிக்கல்லையும் பார்ப்போம். எம்.பி.பி.எஸ். முடித்தபின் படிக்கும் எம்.டி., எம்.எஸ். மேற்படிப்புக்கும் ஒரு நீட் உண்டு. 2023 செப்டம்பரில் அதற்கு வேண்டிய தகுதி "பூஜ்ய பெர்சன்டைல்" ஆக்கப்பட்டது. பரீட்சை எழுதியவர்களில் கடைசி ஆளும் தகுதியுள்ளவரே என்பது இதன் அர்த்தம். இடங்கள் காலியாய்ப் போகக்கூடாது என்பது காரணம். தனியார் கல்லூரிகளில் அப்படிப்பட்ட இடத்துக்குப் பல லட்சம் ரூபாய் கட்டவேண்டும். ஏழைப் பிள்ளை வாசலில் நின்றால் கல் கனக்கிறது. பணக்காரன் பிள்ளை வந்தால் கல்லே காணாமற் போகிறது! "தகுதி குறைந்தால் நோயாளி சாவான்" என்று நம் பிள்ளைகளைப் பார்த்துக் கூச்சலிடும் கனவான்களில் எத்தனை பேர் அன்று வாய் திறந்தார்கள்?

அப்படிச் சேர்ந்தவர்களெல்லாம் மோசமான டாக்டர்களாவார்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களும் படித்து, ஆஸ்பத்திரியில் வேலை பழகி, கடைசிப் பரீட்சையில் தேறித்தான் வெளிவரவேண்டும். டாக்டரை உண்டாக்குவது அந்தப் படிப்பே தவிர, பிரவேசப் பரீட்சை அல்ல. இந்த நியாயம் பணக்காரனுக்குப் பொருந்துமானால் குழுமூருக்கு ஏன் பொருந்தாது?

இச்சூழ்ச்சி புதிதல்ல. 1950-ல் செண்பகம் துரைராஜன் என்னும் பார்ப்பன அம்மையார், வகுப்புவாரி உத்தரவினால் தமக்கு வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைக்காதென்று வழக்குப் போட்டார். அவர் விண்ணப்பமே போடவில்லை! ஆனாலும் 1951-ல் சுப்ரீம் கோர்ட்டு அவ்வுத்தரவைச் செல்லாதென்றது. தந்தை பெரியாரும் நம் மக்களும் கிளர்ந்தெழுந்தார்கள். அதே வருஷம் அரசியல் சட்டம் முதன்முதலாகத் திருத்தப்பட்டது. பின்னரும், மாகாணங்கள் அகில இந்தியத் தொகுப்புக்குக் கொடுத்த இடங்களில், மேற்படிப்பில் சரிபாதி இப்படிப் போவதாகும், பிற்பட்டவர்களுக்குப் பங்கில்லாமலே வருஷக்கணக்காய் நடந்து வந்தது. 2020-ல் சென்னை ஹைகோர்ட்டு வரை போராடிய பிறகே, 2021 ஜூலையில் 27 சதவிகிதம் வந்தது. பரீட்சை மார்க்கு மட்டுமே தகுதியாகாது என்று சுப்ரீம் கோர்ட்டே 2022 ஜனவரியில் சொல்லவேண்டியதாயிற்று.

நம்மவர்களோ, பிள்ளைக்கு இடம் கிடைக்காவிட்டால் தலையெழுத்து என்கிறார்கள். திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் காளியிடம் போய் நேர்ந்துகொள்கிறார்கள். எந்தக் காளியும் நீட்டைக் கொண்டுவரவில்லை. மனிதன் எழுதிய விதி அது, மனிதனால் மாற்றக்கூடியது. 1951-ல் மாற்றினோம். ஆனால் உயிரைக் கொடுப்பது அதற்கு வழியல்ல. பிள்ளைகளே, உங்கள் உயிர் எந்தப் பட்டத்தைவிடவும் பெரிது. நீங்கள் இருந்தால்தான் போராட்டமும் இருக்கும்.

அரியலூரில் 2022 ஜனவரி 12-ந் தேதி சர்க்கார் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. அதில் ஓர் அரங்கத்துக்கு அனிதா பெயர் வைத்திருக்கிறார்கள். நல்லதே. ஆனால் கட்டடத்துக்குப் பெயர் வைப்பதோடு கடமை தீர்ந்துவிடாது. நீட்டிலிருந்து விலக்குக் கேட்ட நம் சட்டசபையின் மசோதாவுக்கு ஜனாதிபதி சம்மதம் மறுத்துவிட்டதாக 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. இதை நாம் ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிடக்கூடாது. அன்றியும், சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் கொடுத்த 7½ சதவிகிதம் முதல் பட்டப் படிப்போடு நின்றுவிடுகிறது. ஏணியில் முதற்படியை மட்டும் கொடுத்துவிட்டு மேற்படிகளைப் பிடுங்கிக்கொள்வது ஏமாற்று வேலையாகும். அப்பிள்ளைகளுக்கு எம்.டி.யிலும் பங்கு வேண்டும். கிராம ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் டாக்டர்களுக்கு மேற்படிப்பில் இடம் ஒதுக்க மாகாணங்களுக்கு அதிகாரமுண்டென்று 2020-ல் கோர்ட்டு ஒப்புக்கொண்டதே, அவ்வொதுக்கீட்டில் யாரும் கைவைக்க விடக்கூடாது.

குழுமூரில் பிறந்தவள் குழுமூருக்கு வைத்தியம் பார்க்கும் நாள் வரவேண்டுமானால், நாம் பருத்தியைக் குறை சொல்வதை விட்டுவிட்டுப் படிக்கல்லைப் பிடுங்கி எறியவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.