புல்லட்டுக்குப் பின்னால் மறைந்த குட்டி என்ஃபீல்டுகள்

ராயல் என்ஃபீல்டு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 'டப் டப்' சத்தமும் கனத்த புல்லட்டும்தான். ஆனால் இதே கம்பெனி எடை குறைந்த வண்டிகளையும் செய்தது என்பது பலருக்குத் தெரியாது.

இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் 1901ல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த நிறுவனம் இது. ஜெர்மனியின் டிகேடபிள்யூ நிறுவனம், யூதர்கள் நிர்வகித்தார்கள் என்பதற்காகத் தன் டச்சு விற்பனையாளரைக் கைவிட்டது. அவர்கள் அதேபோன்ற வண்டி கேட்டு ரெடிட்ச் வந்தார்கள். அப்படிப் பிறந்த 125 சிசி வண்டிதான் இரண்டாம் உலகப்போரில் 'ஃப்ளையிங் ஃப்ளீ', அதாவது பறக்கும் தெள்ளுப்பூச்சி ஆனது. எடை சுமார் 60 கிலோதான். இரும்புக் கூண்டில் வைத்து பாராசூட்டில் இறக்கினார்கள்!

நம்மூர்க் கதை 1955ல் தொடங்குகிறது. மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. புல்லட்டோடு, வில்லியர்ஸ் இன்ஜின் வைத்த ஷெர்பா பைக், ஃபேன்டாபுலஸ் ஸ்கூட்டர் ஆகியவையும் வந்தன. 1980களில் சில்வர் பிளஸ், எக்ஸ்புளோரர், 22 சிசி மோஃபா என்று வரிசையாக வந்தன. ஒன்றும் நிலைக்கவில்லை.

ஏன்? பெரும்பாலும் இரவல் தொழில்நுட்பம். ஒரு மாடலை வருடக்கணக்கில் திருத்தித் திருத்தி மேம்படுத்தும் பொறுமை புல்லட்டுக்கு மட்டுமே கிடைத்தது. அதே காலத்தில் ஓசூரில் 1980ல் டிவிஎஸ் 50 வந்தது, 1984ல் இந்த்-சுசுகி வந்தது. சந்தை அவர்கள் பக்கம் போய்விட்டது.

இதில் நஷ்டம் கம்பெனிக்கு மட்டுமல்ல. பாச்சலூர் போன்ற பழனி மலைக் கிராமங்களில் பைக் என்பது கெத்து காட்டும் பொருள் அல்ல. வாழைத்தாரையோ காப்பி மூட்டையையோ ஏற்றிக்கொண்டு மேடேற வேண்டும், வழுக்கினால் ஒரே ஆள் தூக்கி நிறுத்த வேண்டும். அதற்குத் தேவை எடை குறைந்த, விலை குறைந்த, உள்ளூர் மெக்கானிக்கே பிரித்து மாட்டக்கூடிய வண்டி. சமவெளியிலிருந்து சுற்றுலா வருபவர்களின் புல்லட் மலையேறுவதைப் பார்த்து, மலைக்கு ஏற்ற வண்டி இதுதான் என்று நினைப்பது தவறு. தினமும் மலையேறுபவரின் கணக்கு வேறு.

2024 நவம்பரில் மிலன் கண்காட்சியில் ராயல் என்ஃபீல்டு தன் எலெக்ட்ரிக் பைக்குக்கு மறுபடியும் 'ஃப்ளையிங் ஃப்ளீ' என்றே பெயர் வைத்தது. பெயரை மட்டும் எடுத்தால் போதாது. அந்தக் குட்டி வண்டியின் எளிமையையும் சேர்த்து எடுத்தால்தான் மலைக் கிராமத்து விவசாயிக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கும்.