‘டமார்’ ஸ்மாஷ் மட்டும் போதுமா பாஸ்?

இந்த வாரம் ஒரு பாவமன்னிப்போட ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் இன்ட்டர் காலேஜ் பேட்மிண்டன், டபுள்ஸ் செமி ஃபைனல். மூணாவது கேம், 19-20. காக் நெட்டுக்கு மேல சும்மா மிதந்து வருது. லேசா தட்டினாலே பாயின்ட். கை போச்சு... ராக்கெட்டோட தலை லேட்டா வந்துச்சு. காக் நெட்லயே விழுந்துடுச்சு. என் பார்ட்னர் ஃபைனல் இயர் சீனியர். காலேஜுக்காக அவர் ஆடின கடைசி மேட்ச் அது. ‘விடுடா தம்பி’ன்னு தோள்ல தட்டிட்டுப் போனார். திட்டியிருந்தாகூட இவ்ளோ வலிச்சிருக்காது!

அம்மாவோட சீட்டுப் பணத்துல வாங்கின புது ராக்கெட் அது. 2023-ல் நம்ம சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மணிக்கு 565 கி.மீ. வேகத்துல ஸ்மாஷ் அடிச்சு கின்னஸ்ல ஏறினாரே, அந்த வீடியோவைப் பார்த்துட்டு தலை கனமான ராக்கெட்டா பொறுக்கி எடுத்தேன். ஆனா, டீம்ல என் வேலை ஸ்மாஷ் இல்லை பாஸ்... நெட்கிட்ட நிக்கறது!

நாலஞ்சு வருஷமா ஆடற ஆளா நீங்க? அடுத்த ராக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. பவர் உங்க தோள்லயும் மணிக்கட்டுலயும் ஏற்கெனவே வந்தாச்சு. இனிமே தேவை, கன்ட்ரோல்.

முதல்ல விரல் டெஸ்ட். ராக்கெட்டை ஒரு விரல் மேல படுக்க வைங்க. எங்க சாயாம நிக்குதோ, அங்கேயிருந்து கைப்பிடியோட அடி வரைக்கும் அளங்க. ஏறக்குறைய 285-லிருந்து 295 மி.மீ. வந்தா சம எடை. அதுக்கு மேலன்னா தலை கனம், கீழன்னா தலை லேசு. ஃபர்ஸ்ட் இயர்ல தூங்கிக்கிட்டே படிச்சோமே ‘மொமென்ட் ஆஃப் இனர்ஷியா’, அது இங்கேதான் வேலை செய்யுது. எடை தலைப் பக்கம் போகப் போக, ராக்கெட்டைத் திருப்பறது கஷ்டம். டிஃபென்ஸுக்கும் நெட் ஆட்டத்துக்கும் சம எடையோ, தலை லேசோதான் ரைட்டு. மொத்த எடையில 3யு-ன்னா 85-லிருந்து 90 கிராமுக்குள்ள, 4யு-ன்னா 80-லிருந்து 85-க்குள்ள. நம்பர் கூடினா எடை குறையும், குழம்பிடாதீங்க!

அடுத்து, தண்டு. விறைப்பான தண்டு நீங்க நினைச்ச இடத்துக்குக் காக்கை அனுப்பும். ஆனா, வீச்சுல வேகம் இருக்கணும். இல்லேன்னா பவரும் போச்சு, கன்ட்ரோலும் போச்சு. சந்தேகமா இருந்தா மீடியம் எடுங்க.

மூணாவது, கட்டிங். (வேற கட்டிங்கை நினைக்காதீங்க மக்கா, நரம்பு கட்டறதைச் சொன்னேன்!) டைட்டா கட்டினா காக் நரம்புல தங்கற நேரம் குறையும், திசை சுத்தமா இருக்கும். ஆனா, நடு மையத்துல படலைன்னா காக் பாதியிலயே செத்துடும். கடைக்காரர்கிட்ட ‘ஃபுல் டைட்டுண்ணே’ன்னு சொல்லி 29 பவுண்டு கட்டினேன் பாருங்க, அதுதான் என்னோட ரெண்டாவது கூத்து! இப்ப 25-ல ஆடறேன். ஏத்தணும்னா ஒவ்வொரு கட்டிங்குக்கும் ஒரு பவுண்டா ஏத்துங்க. பிரேம்ல அச்சடிச்சிருக்கற லிமிட்டைத் தாண்டவே தாண்டாதீங்க.

கன்ட்ரோல்னா பயந்து ஆடறதுன்னு நினைக்கிறீங்களா? டோக்கியோ ஒலிம்பிக் செமி ஃபைனல்ல, 2021-ல், நம்ம சிந்துவோட பவருக்கு எதிரா தைவானின் தாய் சூ யிங் 21-18, 21-12-ன்னு ஜெயிச்சாங்க. மணிக்கட்டை ஒரு திருப்பு... காக் வேற பக்கம் போயிருக்கும்!

பழைய ராக்கெட் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? பின்னாடி நின்னு ஸ்மாஷ் அடிக்கற ஜூனியர் ஒருத்தனுக்குப் பாதி விலைக்குக் கொடுத்தேன். வெளுத்து வாங்கறான்! ராக்கெட் மேல தப்பே இல்லை. ஸோ, காசு கொடுக்கறதுக்கு முன்னாடி டீம்ல நாலு பேரோட ராக்கெட்டைக் கடன் வாங்கி, ஆளுக்கு ரெண்டு நாள் ஆடிப் பாருங்க.

அடுத்த மாசம் மறுபடியும் இன்ட்டர் காலேஜ். சீனியர் லீவு போட்டுட்டு வர்றேன்னு எஸ்.எம்.எஸ். அனுப்பியிருக்கார். கூடவே ஒரு வரி: ‘நெட்டைத் தாண்டுமாடா தம்பி?’

தாண்டும்ணா!