சேமிப்பகத்துக்கு இரண்டாம் வழி

பெரிய கணினி நிலையங்களுக்குப் பிளாஷ் சேமிப்பகம் வாங்குவோர் அதன் கொள்ளளவையே முதலில் வினவுகின்றனர். இணைப்பை வினவுவோர் சிலரே. நகரும் உறுப்பு எதுவும் இல்லாமையால் பிளாஷ் நினைவகம் விரைந்து இயங்கும். ஆயினும் சாட்டா இணைப்பு நொடிக்கு ஏறத்தாழ 600 மெகாபைட்டுக்கு மேல் விடாது. அதிலுள்ள ஒரே வரிசையில் 32 ஆணைகளே நிற்கும். 2011-இல் வகுக்கப்பட்ட என்விஎம்இ முறையோ பல்லாயிரம் வரிசைகளுக்கு இடமளிக்கிறது.

வேகத்தைவிட இடையறாமையே முக்கியம் எனலாம். கட்டுப்பாட்டுக் கருவிகள் இரண்டும், அவற்றிலிருந்து தனித்தனி சுவிட்சு வழியே சர்வருக்குச் செல்லும் கம்பிகளும் இருப்பின், ஒன்று பழுதுற்றாலும் மற்றது பணியை ஏற்கும். இரண்டாம் வழியைச் சிக்கனத்தின் பெயரால் நீக்குவது முறையன்று. இரு கம்பிகளையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டு இரு வழி உண்டெனக் கணக்கெழுதுவது அதனினும் தவறு. அச்சுவிட்சு நின்றால் மருத்துவமனைப் பதிவேடும் வங்கிக் கணக்கும் ஒருங்கே முடங்கும். நிலையத்தைத் திறக்குமுன் ஒரு கம்பியைக் கழற்றிச் சோதித்தல் நலம்.