கம்பியைக் கழற்றிய பின்பு...

நாம் அறிந்த ஓர் இல்லத்தில் மகளுக்குப் பல்லில் கம்பி கட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் மாதந்தோறும் மருத்துவரிடம் அலைந்தார்கள், பெருந்தொகையும் செலவாயிற்று. கம்பியைக் கழற்றிய நாளில் அச்சிறுமியின் சிரிப்பைக் கண்டு வீடே மகிழ்ந்தது. அன்று மருத்துவர் ‘ரிடெய்னர்’ என்னும் தகடு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதை அவள் சில வாரங்களே அணிந்தாள். மதரஸாவில் ஓதும்போது நாக்குக் குழறியது. "கழற்றி வைம்மா, பல்தான் நேராகிவிட்டதே!" என்றார் உம்மா. ஓராண்டில் முன்பல் ஒன்று மீண்டும் அடுத்த பல்லின் மேல் சாய்ந்தது. பெட்டியைத் தேடித் தகட்டை எடுத்தபோது அது வாயில் பொருந்தவில்லை.

அந்த உம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. நேரான பல் ஏன் திரும்பிச் செல்கிறது என்பதை அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

பல் என்பது சுவரில் அறைந்த ஆணி போன்றதன்று. நுண்ணிய நார்களே அதனை எலும்போடு பிணைத்து நிறுத்துகின்றன. கம்பி பல்லை நகர்த்தும்போது ஒரு பக்கம் எலும்பு கரைகிறது; மறுபக்கம் புதிதாக வளர்கிறது. இழுபட்ட நார்களோ பல்லைப் பழைய இடத்திற்கே இழுக்கப் பார்க்கின்றன. வேரைச் சுற்றியுள்ள நார்கள் புதிய இடத்திற்குப் பழகச் சில மாதங்களாகும். ஈறில் பல்லின் கழுத்தைச் சுற்றியுள்ளவற்றுக்கு ஓராண்டு வரையிலும் ஆகலாம். அதுவரை பல்லைக் காவல் காப்பதே தகட்டின் பணி. வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்குவதும் இயல்பு. ஆதலால் பல மருத்துவர்கள் இரவு நேரத்திலேனும் நெடுங்காலம் அணியச் சொல்கின்றனர்.

ரிடெய்னர்கள் பெரும்பாலும் மூவகை. அமெரிக்கப் பல் மருத்துவர் சார்லஸ் ஹாலி 1919இல் விளக்கி எழுதிய, அக்ரிலிக் தகடும் கம்பியும் சேர்ந்த வகை இன்றும் வழக்கில் உள்ளது. பல்லின் மேல் உறைபோல் பொருந்தும் கண்ணாடி நிறத் தகடு மற்றொன்று. பற்களின் உட்புறத்தில் ஒட்டப்படும் மெல்லிய கம்பி மூன்றாவது. ஒட்டிய கம்பி தானே கழன்றுவிட்டால் வலி தெரியாது; பல் மட்டும் மெல்ல நகரும். எனவே அதை அவ்வப்போது காட்டிச் சோதிக்க வேண்டும்.

கழற்றி மாட்டும் வகையை முதற்சில மாதங்கள் உண்ணும் நேரமும் பல் துலக்கும் நேரமும் தவிர நாள் முழுதும், பின்னர் இரவில் மட்டும் அணிவதே பொதுவான முறை. உங்கள் பிள்ளைக்குரிய கால அளவை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்கள் மனத்தில் கொள்ள வேண்டியவை சில. தொடக்கத்தில் எச்சில் ஊறுவதும் சொல் குழறுவதும் இயல்பு. நாள்தோறும் சற்று நேரம் உரக்க வாசித்தால் நாக்கு விரைவில் பழகிவிடும். ஓதும் வேளையில் இடையூறு நீடித்தால் அந்நேரம் மட்டும் கழற்றலாமா என மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். தகட்டை வெந்நீரில் கழுவினால் வடிவம் கெடும். குளிர்ந்த நீரும் மென்மையான தூரிகையும் போதும். நோன்புக் காலத்தில் ஸஹர் உணவுக்குப் பின் பல்லையும் தகட்டையும் தூய்மை செய்த பிறகே அணியட்டும். உண்ணும்போதும் உளூச் செய்யும்போதும் கழற்றினால் அதற்குரிய பெட்டியிலேயே வைக்கப் பழக்குங்கள். காகிதத்தில் சுற்றி வைத்த தகடு குப்பையோடு போய்விடும்.

சில நாட்கள் அணிய மறந்து, மீண்டும் மாட்டும்போது இறுக்கமாக இருந்தாலும் முழுமையாகப் பொருந்தினால் தொடர்ந்து அணியலாம். பொருந்தாவிட்டால் அழுத்தி மாட்டாமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். நாள் கடந்தால் புதுத் தகட்டோடு முடிய வேண்டியது புதுக் கம்பியில் போய் நிற்கும்.

அச்சிறுமிக்கு இப்போது மீண்டும் கம்பி கட்டியிருக்கிறார்கள். இரண்டாண்டுப் பொறுமையைக் காக்க, உறங்கப் போகும் பிள்ளையிடம் "தகடு போட்டாயா?" என்று உம்மா கேட்கும் ஒரு கேள்வி போதுமானதாக இருந்திருக்கும்.