பீமன் எறிந்த வட்டு

சாரல் காலத்துக் காற்று எங்கள் சுரண்டைக்கு வரும்போது நீரையெல்லாம் மலையிலேயே இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடுதான் வந்து சேரும். குற்றாலத்துக்கு அருவி, எங்களுக்குப் புழுதி. அப்படிப் புழுதி பறந்த ஒரு மாலையில், பள்ளி மைதானத்தில் வட்டு எறியப் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம், "எதிர்காற்று என்று அஞ்சாதீர்கள், வட்டுக்கு எதிர்காற்றுத்தான் அனுகூலம், ஏந்திக்கொண்டு போகும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உபாத்தியாயர்களுக்கு நிறுத்தத் தெரிந்தால் மணி அடிப்பதற்கு என்ன அவசியம்? "டெலிவிஷன் மகாபாரதத்தில் பீமனாக வந்தாரே, அவர் இந்த வட்டை எறிந்துதான் ஆசியாவிலேயே முதலிடம் பெற்றார்" என்றும் சொல்லி வைத்தேன்.

"பீமனுக்குக் கதாயுதந்தானே? சார் கதை விடுதாருல!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. கேட்காதவன் போல் இருந்துவிட்டேன்.

ஆனால் அது கதை அல்ல. பிரவீண்குமார் சோப்தி என்ற அந்தப் பஞ்சாபியர் 1966-லும் 1970-லும் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் வட்டு எறிந்து தங்கப் பதக்கம் வாங்கியவர். 1966-லேயே கிங்ஸ்டன் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் சங்கிலிக் குண்டு எறிந்து வெள்ளிப் பதக்கமும் பெற்றார். மெக்ஸிகோ, ம்யூனிக் என்று இரண்டு ஒலிம்பிக் பந்தயங்களில் பாரதத்தின் பெயரை மார்பில் தாங்கி நின்றார். எல்லைப் பாதுகாப்புப் படையில் உத்தியோகம் பார்த்தார். இவ்வளவும் ஆன பிறகுதான் 1988-ல் கதாயுதத்தைக் கையில் எடுத்தார்.

அப்போது நான் சிறு பையன். ஞாயிற்றுக்கிழமை காலையில், டெலிவிஷன் பெட்டி இருந்த ஒரு வீட்டுத் திண்ணையிலும் ஜன்னலிலுமாகத் தெருவே கூடியிருக்கும். ஹிந்தி எங்களில் யாருக்கும் தெரியாது. பீமன் வரும்போது மட்டும் மொழி பெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

மேல்நாட்டில் இவருக்கு ஜோடி தேடினால், முதலில் நினைவுக்கு வருகிறவர் அமெரிக்காவின் ஜானி வைஸ்முல்லர். 1922-ல் நூறு மீட்டரை ஒரு நிமிஷத்துக்குள் நீந்திக் கடந்த முதல் மனிதர் அவர். 1924, 1928 ஒலிம்பிக்குகளில் நீச்சலுக்கு மட்டும் ஐந்து தங்கம். 1932-ல் அவரை 'டார்ஜான்' ஆக்கினார்கள். 1948 வரை பன்னிரண்டு படங்களில் மரக்கிளையில் தொங்கினார். அவர் உண்மையில் பிறந்தது ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தின் ஒரு மூலையில். அமெரிக்கக் கோஷ்டியில் சேருவதற்காகப் பென்சில்வேனியாவில் பிறந்ததாகப் பதிவு செய்துகொண்டார் என்பது பிற்பாடு வெளிவந்த சங்கதி. டார்ஜானுக்கும் ஊர் பேர் கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. ஒரு கூச்சல் உண்டு. 1984-ல் அவரை அடக்கம் செய்தபோது அந்தக் கூச்சலைத்தான் ஒலிக்கச் செய்தார்கள். ஐந்து தங்கப் பதக்கங்களும் அந்த ஒரு கூச்சலுக்குள் முங்கிப் போயின.

சினிமாக்காரர்கள் எந்தத் தேசத்திலும் ஒரே மாதிரி வியாபாரிகள்தான். பந்தய வீரனிடத்தில் அவர்கள் விலைக்கு வாங்குவது தேகத்தை. வாயைத் திறக்க விடுவதில்லை. ஜெர்மனியில் பிறந்த பயில்வான் யூஜின் சாண்டோவை எடிசன் கம்பெனியார் 1894-லேயே காமிராவுக்கு முன் நிறுத்தி, புஜத்தை முறுக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். அந்தச் சாண்டோவின் பெயரைத் தரித்துக்கொண்டு நம் புதுக்கோட்டை நாகலிங்கம் 'ராஜா சாண்டோ' ஆகிப் பம்பாய்க்குப் போனார். அவர் பந்தய மைதானத்து ஆள் அல்லர், தேகப் பயிற்சிக் கூடத்து ஆள். ஊமைப் படங்களில் அவரும் பலசாலியாகத்தான் வந்தார். அவற்றில் பீமசேனன் கதை ஒன்றும் உண்டு. ஆனால் மனிதர் அங்கேயே நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டுக்குத் திரும்பி, 1935-ல் 'மேனகா'வையும் 1939-ல் 'திருநீலகண்டர்' படத்தையும் டைரக்டு செய்து, மற்றவர்களை நடிக்க வைத்தார். தமிழக அரசின் சினிமா விருதுகளில் ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

நார்வேயின் ஸோன்யா ஹெனி பனிச் சறுக்கலில் 1928, 1932, 1936 என மூன்று ஒலிம்பிக் தங்கம் பெற்று, கையோடு ஹாலிவுட்டுக்குப் போனார். படத்திலும் சறுக்கினார். கதை எதுவானாலும் கடைசியில் பனித்தரை வந்துவிடும். பணம் குவிந்தது. 1936-ல் ஹிட்லருக்கு அவர் கை உயர்த்தி வணக்கம் செலுத்தியதைச் சொந்த நாட்டார் வெகு காலம் மறக்கவில்லை. நாட்டின் கொடியைப் பிடித்த கை எங்கே உயருகிறது என்பதை ஜனங்கள் கவனிக்கத்தான் செய்வார்கள்.

நம் நாட்டுப் பயில்வான்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. டார்ஜானுக்குப் பலம் மட்டும்தான். நம் இதிகாசங்களில் வரும் பலசாலிகளுக்கோ நெஞ்சும் உண்டு. பீமன் பசிக்கிறவன், சபையில் திரௌபதியைக் கண்டு துடிக்கிறவன். அனுமான் கைகட்டி நிற்கத் தெரிந்தவன். தாரா சிங் அறுபதுகளில் ஹிந்திப் படங்களில் சட்டையைக் கழற்றிச் சண்டை போட்டவரைக்கும் குஸ்திக்காரராகவே இருந்தார். 1987-ல் டெலிவிஷன் ராமாயணத்தில் அனுமானாக வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பலத்தை அடக்கிக்கொண்டு கைகூப்பி நின்ற அந்தக் கோலத்தில்தான் அவர் நடிகரானார் என்பது என் கட்சி. அனுமானும் பீமனும் வாயு புத்திரர்கள், சகோதரர்கள். தாரா சிங் பிறந்ததும் பிரவீண்குமார் பிறந்ததும் பழைய அமிருதசரஸ் ஜில்லாவிலேயே என்பது தற்செயல்தான். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஹாஸ்யம் இன்னொரு வாசல். இத்தாலியின் கார்லோ பெடர்சோலி 1950-ல் நூறு மீட்டரை ஒரு நிமிஷத்துக்குள் நீந்திய முதல் இத்தாலியர். 1952, 1956 ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்டவர். பிற்காலத்தில் பெருத்த சரீரமும் தாடியுமாக 'பட் ஸ்பென்ஸர்' என்ற பெயரில் ஐரோப்பாவையே சிரிக்க வைத்தார். நம் பிரவீண்குமாரும் 1990-ல் தமிழுக்கு வந்து, 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் 'பீம்பாய்' என்று கூப்பிட்டால் ஓடி வந்தார். அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் வீட்டுப் பெரியவர்கள் புன்னகை புரிவார்கள். ஆனால் ஓடி வந்தவர் ஒலிம்பிக் வீரர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சமீப காலத்தில் மனத்துக்கு நிறைவு தந்தவர் ரித்திகா சிங். மேடையில் மெய்யாகவே குத்துச் சண்டை போட்ட பெண். 2016-ல் வந்த 'இறுதிச்சுற்று' படத்தில், சுதா கொங்கரா அவரைச் சென்னை மீனவக் குப்பத்துப் பெண்ணாக்கினார். குத்து நிஜம் என்பது பெரிதில்லை. யாருக்கும் அடங்காத அந்தக் கோபம் அல்லவா நிஜமாக இருந்தது! தேசிய விருதுக் குழுவினர் அவரைச் சிறப்பித்துக் குறிப்பிட்டது நியாயமே.

பிரவீண்குமார் 2022 பிப்ரவரியில் காலமானார். அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஆசியப் போட்டியில் பதக்கம் வாங்கியவர்களுக்குப் பஞ்சாப் அரசு தரும் பென்ஷன் தமக்குக் கிடைக்கவில்லை என்று அவர் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. அந்தச் செய்திகளும் பெரும்பாலும் 'மகாபாரத பீமன்' என்றே தலைப்பிட்டன. பீமனுக்குப் பென்ஷன் எதற்கு என்று வாசிக்கிறவர்கள் நினைத்திருப்பார்களோ என்னவோ! பென்ஷன் கேட்டவர் பீமன் அல்லர். பாங்காக்கில் நம் கொடியை இருமுறை ஏற வைத்தவர்.

இதையெல்லாம் மறுநாள் மாலை பிள்ளைகளிடம் சொன்னேன். முந்தின நாள் குரல் கொடுத்தவன் முன்னால் வந்து நின்றான். "அவரு எறிஞ்ச வட்டு எவ்வளவு கனம் சார்?" என்றான். "இரண்டு கிலோ. உன் கையில் இருப்பது ஒன்றரை" என்றேன். "ரெண்டு கிலோ வட்டு நம்மகிட்ட இருக்கா சார்?"

சாமான் அறையில் வெகு நாளாகத் துருப்பிடித்துக் கிடந்த ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்கு எதிராகத் திரும்பி நின்றான்.