புள்ள கையிலேருந்து பந்தைப் பிடுங்காதீங்க!

புத்தூர் நாலு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். இந்திய கிரிக்கெட் டீமில் பதினோரு பேர் பெயரும் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். யார் முதலில் இறங்குவார், யார் கடைசியில் இறங்குவார் என்பது வரை ஒப்பிப்பார்கள். "கூடைப்பந்து ஆடிய தமிழ்ப் பெண் ஒருத்தி பெயரைச் சொல்லுங்க" என்றால்? திருதிருவென்று முழிப்பார்கள்!

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

அந்தப் பெயர் அனிதா பால்துரை. சென்னைப் பெண்.

19 வயதில் கேப்டன்!

1985-ல் பிறந்தவர். பதினோரு வயதில் பந்தைத் தொட்டார். 2000-ம் ஆண்டில் இந்திய அணிக்குள் வந்துவிட்டார். 19 வயதில் கேப்டன்! அவ்வளவு சின்ன வயதில் இந்திய சீனியர் பெண்கள் அணிக்கு அதுவரை யாரும் தலைமை ஏற்றதில்லை. 2001 முதல் 2017 வரை ஆசியக் கூடைப்பந்துப் போட்டி ஒன்பது தடவை நடந்தது. ஒன்பதிலும் ஆடினார். தேசியப் போட்டிகளில் வாங்கிய பதக்கம் மட்டும் முப்பது!

கல்யாணம் ஆச்சு. குழந்தை பிறந்தது. "அவ்வளவுதான், இனிமே அடுப்படிதான்" என்று ஊர் பேசுகிற கட்டம் அது. அனிதா மறுபடியும் பந்தோடு வந்து நின்றார்.

2017 ஜூலை. பெங்களூரில் ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதி ஆட்டம். எதிரே கஜகஸ்தான். 75-73! இரண்டே புள்ளியில் இந்தியா ஜெயித்து 'ஏ' பிரிவுக்கு ஏறியது. அந்த அணியில் அனிதாவும் இருந்தார். அத்தனை வருஷம் ஆடியும் அர்ஜுனா விருது அவருக்குக் கிடைக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்திய பிறகு, 2021-ல் பத்மஸ்ரீ வந்தது.

சோறு போட்டது எது?

விருதா அவரைப் பதினெட்டு வருஷம் ஆட வைத்தது? இல்லை. தெற்கு ரெயில்வேயில் வேலை இருந்தது!

பொன்மலைப் பட்டறைச் சங்கு கேட்டு வளர்ந்த திருச்சிக்காரர்களுக்கு ரெயில்வே வேலை என்றால் என்ன என்று பாடம் நடத்த வேண்டாம். மாசம் பிறந்தால் சம்பளம். குடும்பத்துக்குப் பாஸ். ஒடம்புக்கு முடியலைன்னா ரெயில்வே ஆஸ்பத்திரி. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சிக்கு நேரம், போட்டிக்குப் போக லீவு. நம் நாட்டில் கூடைப்பந்து ஆடும் பெண்ணுக்கு வருஷம் முழுக்கச் சம்பளம் தருகிற லீக் ஆட்டம் இன்னும் வேர் பிடிக்கவில்லை. அதனால் வேலைதான் அவளுக்கு லீக், வேலைதான் ஸ்பான்சர். தேசியப் போட்டிகளில் ரெயில்வே பெண்கள் அணி வருஷக்கணக்கில் கொடி கட்டிப் பறந்ததற்கு இதுதான் காரணம்.

கேரளத்துக் கீது அன்னா ஜோஸ் கதையும் இதுதான். ஆறடியைத் தாண்டிய உயரம். அவரும் தெற்கு ரெயில்வேதான். ஆஸ்திரேலியா போய் அங்குள்ள கிளப்புக்கு ஆடிவிட்டு வந்தார். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீக்கில் மூன்று அணிகள் அவரைத் தேர்வுக்குக் கூப்பிட்டன. ஒப்பந்தம் கைகூடவில்லை. ஆனாலும் அவர் நடுத்தெருவில் நிற்கவில்லை. ஊரில் வேலை காத்திருந்தது.

சிக்கல் எங்கே?

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வேண்டுமா? மாநில அளவில், தேசிய அளவில் ஆடிய சர்ட்டிபிகேட் வேண்டும். அது எந்த வயசில் கிடைக்கும்? பதினைந்திலிருந்து இருபதுக்குள்.

நம் வீடுகளில் பந்தைப் பிடுங்குவது எந்த வயசில்? அதே பதினைந்தில்தான்!

பத்தாம் வகுப்பு வந்துவிட்டதா, "பந்தை மூலையில போட்டுட்டு டியூஷனுக்குப் போ." பிளஸ் ஒன் வந்ததா, "ரெண்டு வருஷம் பொறுத்துக்க, அப்புறம் ஆடிக்கலாம்." அந்த 'அப்புறம்' வரும்போது அவளுக்கு வயது பதினெட்டு. கால் ஓடாது, கை படியாது, அணியில் இடமும் இருக்காது. பந்தோடு சேர்த்து ஒரு வேலை வாய்ப்பையும் பிடுங்கி விட்டோம் என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

பெற்றோர் பக்கமும் நியாயம் இருக்கிறது. "நாளைக்குக் கால் முட்டி போச்சுன்னா எவன் சார் கேப்பான்?" என்று ஒரு தகப்பன் கேட்டால், அந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. ஆடிய எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடுவதும் இல்லை. ஆகவே படிப்பை விட்டுவிட்டு ஆடு என்று யாரும் சொல்லக் கூடாது. படிப்பும் ஆட்டமும் சேர்ந்து ஓட வழி உண்டா என்பதுதான் கேள்வி.

பிரான்சில் நடப்பது

உண்டு. பிரான்சைப் பாருங்கள். பாரீசில் அரசாங்கத்தின் தேசிய விளையாட்டுக் கழகம் இருக்கிறது. கூடைப்பந்துச் சம்மேளனம் நல்லா ஆடுகிற பிள்ளைகளைச் சின்ன வயசிலேயே பொறுக்கி அங்கே சேர்க்கிறது. தங்குவது, படிப்பது, ஆடுவது எல்லாம் ஒரே இடத்தில். பரீட்சைக்காகப் பந்தை விட வேண்டாம். பந்துக்காகப் பரீட்சையையும் விட வேண்டாம்.

பலன்? 2024 பாரீஸ் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் அமெரிக்கப் பெண்களிடம் பிரான்ஸ் தோற்றது. எவ்வளவில்? 67-66. ஒரே ஒரு புள்ளி! அந்தப் பிரெஞ்சு அணியில் தொமினிக் மலோங்கா என்ற 18 வயதுப் பெண்ணும் இருந்தாள். மறு வருஷமே அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் சியாட்டில் அணி அவளை இரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்துக் கொண்டது. நம்மூரில் "பிளஸ் டூ முடியட்டும்" என்று உட்கார வைக்கிற வயசில் அந்தப் பெண் ஒலிம்பிக் வெள்ளி வாங்கி விட்டாள்!

திருச்சியால் முடியாதா?

திருச்சி மண்ணுக்கு விளையாட்டு புதுசா? 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் தொடர் ஓட்ட அணிக்கு இந்த மாவட்டத்திலிருந்து சுபா, தனலட்சுமி என்று இரண்டு பெண்கள் தேர்வானார்கள். ஓட்டத்தில் முடிந்தது பந்தில் முடியாதா?

கூடைப்பந்துக்குப் பெரிய மைதானம் கூடத் தேவையில்லை. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், பத்தடி உயரத்தில் ஒரு வளையம். அவ்வளவுதான். நகரத்தில் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அப்படித் தளங்கள் இருக்கின்றன. சாயங்காலம் மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிட்டால் அந்தச் சிமெண்டுத் தரையால் யாருக்கு லாபம்? அக்கம்பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்குத் தினம் இரண்டு மணி நேரம் திறந்து விடட்டும். இரண்டு விளக்கு, பொறுப்பான ஒரு பெண் பயிற்சியாளர். இது இருந்தால் எந்தத் தாயும் தைரியமாக அனுப்புவாள்.

பி.டி. பீரியடைப் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுக்கிற வேலையைப் பள்ளிகள் நிறுத்தட்டும். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு என்பதை நோட்டீஸ் போர்டில் கொட்டை எழுத்தில் ஒட்டட்டும். விளையாட்டு ஆணையத்தின் விடுதிகளில் சேருவது எப்படி என்று பெற்றோர் கூட்டத்தில் விளக்கட்டும்.

கடைக்காரர்களும் கை கொடுக்கலாம். கோயில் விழா என்றால் வசூல் நோட்டில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிற தாராள மனசுக்காரர்கள் நம் வியாபாரிகள். ஏரியாவில் ஆடுகிற ஒரு பெண்ணுக்கு வருஷம் ஒரு ஜோடி ஷூ, வெளியூர்ப் போட்டிக்கு பஸ் சார்ஜ் கொடுத்தால் கல்லாப்பெட்டி ஒன்றும் காலியாகி விடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. டியூஷனுக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கிறீர்கள். தளத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். மார்க் குறைந்தால் அடுத்த தடவை எழுதி வாங்கிவிடலாம். போன பதினாறு வயசை எந்த போர்டும் மறுபடி நடத்தாது!