ஒரு துணிக்கு எத்தனை கட்டில்?

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் கிருமிநாசினி வாடை மூக்கில் ஏறினால், சுத்தமான இடம்தான் என்று மனம் ஆறுகிறது. வாடை சாட்சியாகாது. 2008இல் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேல்ஸ் ஆஸ்பத்திரிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஊழியர்கள் துடைக்கும் விதத்தைக் கவனித்தார்கள். கட்டில் கம்பியைத் துடைத்த கிருமிநீக்கித் தாளே மொனிட்டர் பொத்தான்களுக்கும் பக்கத்து மேசைக்கும் போனது. ஆய்வுகூடத்தில் சோதித்தபோது சங்கதி வெளிப்பட்டது: சில தாள்கள் பக்டீரியாவை நன்றாகவே வாரி எடுத்தன, ஆனால் முழுதாகக் கொல்லவில்லை; அடுத்துத் தொட்ட இடத்தில் உயிரோடு இறக்கிவிட்டன. ஒரு தாள், ஒரு தடவை, ஒரே பரப்பு என்ற விதியை அவர்கள் முன்வைத்தது அதனால்தான். அதே பல்கலைக்கழகத்தார் 2015இல் சவர்க்காரச் சத்து ஊறிய ஏழு வகைத் தாள்களைச் சோதித்தார்கள். ஏழுமே அடுத்தடுத்த மூன்று பரப்புகளுக்குக் கிருமியைக் கொண்டுபோயின. துடைக்காமல் விடுவதால் வரும் ஆபத்தை எல்லோரும் அறிவோம். துடைப்பதாலேயே வரும் ஆபத்தைப் பற்றி நம் பக்கம் பேச்சே குறைவு.

மருந்து ஊறியிருக்கிறதே, கிருமி எப்படிப் பிழைக்கும் என்று கேட்கலாம். மருந்துக்கு நேரம் வேண்டும். அரை நிமிடம் முதல் பத்து நிமிடம்வரை பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும் என்று, தயாரிப்புக்கு ஏற்ப, லேபிளில் போட்டிருக்கும். பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில். மெல்லிய பூச்சாகப் பட்ட ஸ்பிரிட் அதற்குள் பறந்துவிடலாம். இரத்தமோ சளியோ காய்ந்த இடத்தில் குளோரின் அந்த அழுக்கிலேயே வலுவிழந்துபோகும். பருத்தித் துணி சிலவகை மருந்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்துப் பாத்திரமே கிருமி வளரும் இடமானதும் உண்டு. ஜெர்மனியில் 15 மருத்துவ நிலையங்களில், திரும்பத் திரும்ப நிரப்பிப் பாவிக்கும் 66 துடைதாள் வாளிகளைச் சோதித்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. அவற்றில் 28 வாளிகளின் கிருமிநீக்கிக் கரைசலிலேயே பக்டீரியா பெருகிக் கிடந்தது.

ஜெர்மன் வாளிக்கும் இலங்கை மலையகத்துத் தெமோதரைக்கும் என்ன சம்பந்தம்? நமக்குப் பழகிய வாளி சிறியது: ஊசி போடும் மேசையில் ஸ்பிரிட்டில் ஊறப்போட்ட பஞ்சு டப்பா. விரல் விட்டு எடுக்க எடுக்க, கையில் உள்ளதும் உள்ளே இறங்கும். பஞ்சை முன்கூட்டியே ஊறவைத்து வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு ஊசி வழிகாட்டி கண்டிப்பாகவே சொல்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியானாலும் பிள்ளைக்காம்பராவானாலும், ஒரே வாளியில் ஒரே துணியை நனைத்து நனைத்துத் துடைத்தால் நடப்பது இதுவேதான். ஹாலிஎல தாண்டிப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பப்படும் தோட்டத்துத் தாய்க்கும், கிராந்துருகோட்டைப் பக்கமிருந்து சிறுநீரக நோயோடு வருபவருக்கும், புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கும் கிருமியைத் தாங்கும் சக்தி ஒன்றல்ல. மற்றவர்களுக்குச் சிறு அளவு என்று தோன்றும் கிருமி இவர்களுக்குச் சிறிதாக இராது.

மருந்துக்கே தட்டுப்பாடு, இதில் ஒரு தாள் ஒரு பரப்பு என்பது பணக்கார நாட்டுப் பேச்சு என்று சொல்வார்கள். 2022 மார்ச்சில் மருந்தில்லாமல் பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளையே நிறுத்திய நாடு இது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இந்த விதி இறக்குமதித் தாளைக் கேட்கவில்லை. பருத்தி பிடித்து வைக்காத வகை மருந்தானால், பழைய பருத்திச் சேலையை வெட்டிய துண்டுகள் போதும். துண்டை மடித்துப் பிடித்து, ஒவ்வோர் இடத்துக்கும் மடிப்பின் புதுப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். அழுக்குக் குறைந்த இடத்தில் தொடங்கிக் கூடிய இடத்தில் முடிக்க வேண்டும். அடுத்த நோயாளிக்கு வேறு துண்டு. துடைத்த துண்டு மருந்து வாளிக்குள் திரும்பவே கூடாது. சவர்க்காரம் போட்டு வெந்நீரில் துவைத்து, நன்றாகக் காயவைத்த பிறகே மறுபடி எடுக்க வேண்டும். இதற்குச் செலவாவது பெரும்பாலும் ஆள்நேரம். கணக்குப் போடுகிறவர்கள் மறப்பதும் அதைத்தான்.

இன்னொரு மறுப்பு வலுவானது: கிருமி அதிகம் பரவுவது கையால், துணியால் அல்ல. உண்மை, 2015 ஆய்விலும் பல தாள்கள் கடத்திய பங்கு சிறிதுதான். ஆனால் கைக்குக் கிருமி வருவது எங்கிருந்து? ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பக்டீரியா உலர்ந்த பரப்பில் 7 நாள் முதல் 7 மாதம்வரை உயிரோடிருக்கும் என்று 2006இல் வந்த ஆய்வுத் தொகுப்பொன்று காட்டுகிறது. கை கழுவிய தாதி அடுத்த கணம் பிடிப்பது அந்தக் கட்டில் கம்பியைத்தான்.

துப்புரவுத் தொழிலாளியைக் குற்றஞ்சொல்வதில் பயனில்லை. ஒரு துணியைக் கொடுத்து ஒரு வார்டையே துடைக்கச் சொன்னால் அவர் வேறென்ன செய்வார்? ஊவா மாகாண சுகாதாரத் திணைக்களமும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும், தோட்டக் கம்பனிகளும் எத்தனை லீற்றர் மருந்து என்பதோடு ஒரு கட்டிலுக்கு எத்தனை துணி என்பதையும் கணக்கில் எழுதட்டும். துவைக்கிற ஆளுக்கும் சம்பளம் ஒதுக்கட்டும். முறையைத் தமிழிலும் சிங்களத்திலும் செய்து காட்டிப் பழக்கட்டும். ஊறின பஞ்சு டப்பாவை நாளைக்கே எடுத்துவிடலாம். அதற்குச் சல்லி ஒன்றும் தேவையில்லை.